பிசுக்குப் பிடித்த பாம்டாப்

பழைய மின்சாமான் விற்கிற கடைகளுக்கென்று ஒரு வாடை உண்டு. ஈயம் உருகிய புகை, ஆள் வியர்வை, எப்போதோ பாதி குடித்து வைத்த டீ, எலிப்புழுக்கை எல்லாம் கலந்த வாடை. மூக்கில் ஏறினால் வீட்டுக்கு வந்து குளித்த பிறகும் இறங்காது. என் அறுபதை நெருங்கும் வயது வரைக்கும் அது எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்ததில்லை. நான் வளர்ந்த வீட்டில் ஒருவர் குடித்த டம்ளரை இன்னொருவர் தொட்டால் கை அலம்ப வேண்டும். அப்படி வளர்ந்தவளை, ஊரார் கைப்பிசுக்கு ஏறிய ஒரு மெஷினைத் தேடி தி. நகருக்கும் திருவல்லிக்கேணிக்கும் அடையாறுக்கும் அலையவிட்டது என் கணவரின் தொண்டை.

அவருக்குக் குரல்வளையில் புற்று வந்து, குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். காலர் பித்தான் போடும் இடத்தில் ஒரு துளை இருக்கிறது. மூச்சு விடுவது, இருமுவது, சளி வருவது எல்லாம் அது வழியாகத்தான். தினமும் காலையில் அந்தத் துளையைச் சுற்றித் துடைத்து, காய்ந்து ஒட்டியதை எடுத்து, மேலே மெல்லிய துணி ஒன்று கட்ட வேண்டும். சிகிச்சையில் அவர் விரல் நுனிகள் மரத்துப் போய்விட்டதால் அந்த வேலை என்னுடையது.

பேச்சுக்கு மருத்துவமனையில் ஒரு கருவி கொடுத்தார்கள். கழுத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு வாயை அசைக்க வேண்டும். அதை வைத்து முதல்முறை என்னைக் கூப்பிட்டபோது மிக்ஸியில் கொப்பரை மாட்டிக்கொண்டது போல இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவர் அதை அலமாரியில் வைத்தவர் பிறகு எடுக்கவே இல்லை. ஸ்லேட்டு வாங்கிக் கொடுத்தேன். மரத்த விரலில் சாக்பீஸ் நிற்கவில்லை. செல்போன் திரைக்கோ அவர் விரல் பட்டதே தெரியவில்லை. தடவித் தடவிப் பார்ப்பார், சும்மா கிடக்கும். திடீரென்று எதுவோ பட்டு யாருக்கோ கால் போய்விடும். அந்தப் பக்கத்திலிருந்து ஹலோ ஹலோ என்று கத்துவார்கள். இவர் போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதைப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்போதுதான் மேல் பரணிலிருந்து பாம்டாப் என்கிற அந்தக் கையடக்கக் கணினியை இறக்கச் சொல்லிக் கைகாட்டினார். மருந்துக் கம்பெனியில் விற்பனை அதிகாரியாக ஊர் ஊராகச் சுற்றிய காலத்தில் கொடுத்தது. மூக்குக் கண்ணாடிக் கூடு அளவில் இருக்கும். திறந்தால் மேலே சாம்பல் நிறத் திரை, கீழே முழு விசைப்பலகை. சுவர்க் கடிகாரத்துக்குப் போடுகிற மாதிரி இரண்டு பேட்டரி போட்டால் ஓடும். அதைத் தயாரித்த கம்பெனி அந்த வியாபாரத்தையே எப்போதோ மூட்டை கட்டிவிட்டது. ஆனால் எத்தனையோ ஓட்டல் அறைகளில் உட்கார்ந்து தட்டிய விசைகள் அவர் விரலுக்கு மறக்கவில்லை. நன்றாக உள்ளே போய் எழும்பும் விசைகள் என்பதால், நுனி மரத்திருந்தாலும் தட்டியது கைக்குத் தெரிந்தது. அந்த மெஷினுக்குத் தமிழ் தெரியாது. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டி என் பக்கம் திருப்புவார். விசையைப் பார்க்கவே மாட்டார். என் முகத்தைப் பார்த்தபடி தட்டுவார்.

இதைச் சொல்லியாக வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் சண்டை போடும் தம்பதி. ரசத்தில் உப்பிலிருந்து தேர்தல் வரைக்கும் எல்லாவற்றுக்கும் போடுவோம். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு வீடு நிசப்தமாகக் கிடந்த வாரங்களில் எனக்குப் பைத்தியம் பிடிக்காத குறை. பாம்டாப் வந்ததும் சண்டை திரும்ப வந்தது. நான் கத்துவேன், அவர் தட்டுவார், நான் படித்துவிட்டுக் கத்துவேன். மயிலாப்பூரில் எங்கள் அடுக்ககத்தில் இருப்பவர்களுக்கு நான் தனியாகக் கத்துவது போலத்தான் கேட்டிருக்கும். கேட்கட்டும்.

ஒரு நாள் அதன் கீலுக்குள் ஓடும் பட்டை வயர் அறுந்து திரை முழுக்கக் கோடு விழுந்தது. அத்தோடு அவர் பேச்சு நின்றது. ரிப்பேர் கடையில், அதற்கு வயர் கிடையாது, மெஷினே வேறு வாங்கினால்தான் உண்டு என்றார்கள். அதுவும் பழையதுதான்.

அந்த ஜாதி மெஷினில் மூன்று மாடல்கள் வந்திருந்தனவாம். முதலாவது சின்னது, கெட்டி பிளாஸ்டிக், விசைகள் கால்குலேட்டர் மாதிரி. இரண்டாவது எங்களிடம் இருந்தது, விசைப்பலகை பெரியது. மூன்றாவது கலர்த் திரை. இதையெல்லாம் பழைய பொருள் விற்கும் தளங்களில் தேடிப் பிடித்துத் தெரிந்துகொண்டேன். விளம்பரம் போட்ட ஒவ்வொருவனும் ‘புதுசு மாதிரி’ என்று எழுதியிருந்தான். படத்தில் நகக்கண் அழுக்கோடு ஒரு கட்டைவிரல் அதைப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்த விரலைப் பார்த்ததுமே எனக்குப் பாதி மனசு விட்டுப்போகும்.

முதலில் தி. நகர். கலர் மாடல் இருப்பதாகச் சொன்ன கடை, துணிக்கடைகளுக்குப் பின்னால் ஒரு வணிக வளாகத்தின் மாடியில் இருந்தது. படியெல்லாம் பான்பராக் துப்பல். கூட வந்த என் கணவர் துளையை மூடிய துணியைக் கையால் பிடித்துக்கொண்டு ஏறினார். கடைக்காரர் நாற்பது வயது மனிதர், நெற்றியில் விபூதி, வாய் நிறைய ‘மேடம்’. கலர்த் திரை பளிச்சென்றுதான் இருந்தது. ஆனால் மெஷின் மேஜையில் தட்டையாக உட்காராமல் ஆடியது. பின்பக்கத்தைத் திருப்பினால் உள்ளே பேட்டரி உப்பி, மூடியைப் பிதுக்கிக்கொண்டு நின்றது. சீழ் கோத்த கட்டி மாதிரி. அதற்கு வேறு பேட்டரி எங்கும் கிடைக்காது, சார்ஜர் ஒயரில் போட்டபடியே வைத்துக்கொள்ளலாம், ஒன்றும் ஆகாது என்றார். ஒயரில் கட்டிப்போட்ட பேச்சை வைத்துக்கொண்டு மனிதர் வாசலுக்குக்கூட வர முடியாதே என்று நான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அந்த நேரத்தில் கடைக்காரர் செய்த காரியம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மெஷினோடு வந்த திரையைத் தொடும் சின்னக் குச்சி அவர் கையில் இருந்தது. பேசிக்கொண்டே அதைக் காதுக்குள் விட்டுச் சுகமாகக் குடைந்தார். கண் பாதி சொருகிப்போயிற்று. வெளியே எடுத்து நுனியைப் பார்த்தார். சட்டையில் ஒரு தேய்ப்புத் தேய்த்து, “சார், நீங்க டெஸ்ட் பண்ணிப் பாருங்க” என்று என் கணவரிடம் நீட்டினார்.

இவர் கை நீட்டியே விட்டார். மரத்த விரலோடு சேர்ந்து புத்தியும் மரத்துவிட்டதா என்று எனக்குச் சந்தேகம். இவர் கையைத் தட்டிவிட்டு இழுத்துக்கொண்டு இறங்கினேன். பாண்டி பஜார் நடைபாதையில் நின்று பையிலிருந்த சானிட்டைசரைத் தீரும் வரைக்கும் அவர் கையில் ஊற்றினேன். குச்சியைத் தொடவே இல்லை என்று வாயசைத்துச் சொன்னார். பார்த்தாலே ஒட்டும் என்றேன்.

அடுத்தது திருவல்லிக்கேணி. பேச்சிலர்கள் தங்கும் ஒரு பழைய மேன்ஷனின் மாடிப்படிக்கு அடியில், குனிந்து போகும் கடை. பக்கத்தில் கறிவேப்பிலை, எண்ணெய் எல்லாம் கொட்டி ஊறிய மெஸ்ஸின் சாக்கடை. கடைக்காரருக்கு எங்கள் வயதுதான் இருக்கும். பேச்சில் குறை சொல்ல ஒன்றுமில்லை, இவருக்கு உட்கார ஸ்டூல் போட்டார். எங்களிடம் இருந்த அதே இரண்டாவது மாடலை, பழைய தினசரித் தாளில் சுற்றி எடுத்து வந்தார். தாளைப் பிரிக்க முடியவில்லை. உரித்தார். மெஷினின் முதுகில் சினிமா விளம்பரம் ஒன்று தலைகீழாக ஒட்டிக்கொண்டு நின்றது.

அந்த மாடலுக்கு ஒரு வியாதி உண்டு. கைக்கு மெத்தென்று இருக்கட்டும் என்று மேலே ரப்பர் மாதிரி ஒரு பூச்சு பூசியிருந்தார்கள். வெளிநாட்டுக் குளிருக்கு அது எப்படியோ, நம் ஊர்ப் புழுக்கத்தில் வருஷம் போகப் போக இளகித் தார் மாதிரி ஆகிவிடும். விரல் நன்றாக இருந்த நாளில் எங்கள் மெஷினுக்கு அது வந்தபோது இவர் மொட்டை மாடியில் உட்கார்ந்து எதையோ போட்டுத் தேய்த்து எடுத்தார். நான் அந்தப் பக்கமே போகவில்லை. இதை யாரும் தேய்க்கவில்லை. தொட்டால் விரல் ஒட்டியது. எடுத்தால் கறுப்பாக நூல் இழுத்தது. மூடி முழுக்கத் தூசி, தலைமயிர், பீடித்தூள் மாதிரி எதுவோ அப்பியிருந்தது. ஒரு ஓரத்தில் கரப்பானின் கால் ஒன்று, கால் மட்டும், பதிந்து கிடந்தது. நடுவில் சிவப்பும் மஞ்சளுமாகத் திட்டு.

“இது என்னது?” என்றேன்.

“ஆயுத பூசைக்கு பொட்டு வச்சிகீறாங்கம்மா. வருசா வருசம் வச்சிகினே வந்துகீறாரு. நல்லா பாத்துகினாருன்னு அர்த்தம்.”

முந்தைய சொந்தக்காரர் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் இதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்திருக்கிறார். இளகிய ரப்பர் அதை உள்ளே வாங்கிக்கொண்டுவிட்டது. அந்தப் பக்தியை எண்ணி எனக்குக் கண்ணீர் வந்திருக்க வேண்டும். குமட்டல்தான் வந்தது. புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

என் கணவர் மடியில் அதை வைத்துத் திறந்தார். திறக்கும்போது ப்ளாஸ்திரி பிரிக்கிற மாதிரி சத்தம் வந்தது. இரண்டு பேட்டரியைப் போட்டுக் கொடுத்தார் கடைக்காரர். இவர் என்னைப் பார்த்தார். விரல்கள் தடதடவென்று ஓடின. திருப்பிக் காட்டினார். ‘கண்றாவியா இருக்கு, ஆனா விரல் நிக்கறது. நீ மூக்குலேர்ந்து கையை எடுத்துட்டு ஒரு தரம் பாரேன்’ என்று இருந்தது. நீளமான வாக்கியம். பல நாளைக்குப் பிறகு அவர் சொன்ன முழு வாக்கியம்.

அப்போது என் கண்ணில் பட்டது வாக்கியம் அல்ல, அவருடைய பத்து விரல்களும்தான். கறுப்பு. அந்தக் கையோடு அவர் கழுத்துத் துணியைச் சரிசெய்யப் போனார்.

“இதை நான் ஆத்துக்குள்ள விடமாட்டேன்” என்றேன்.

அவர் தட்ட ஆரம்பித்தார். பெரிய சண்டையாகத்தான் தட்டியிருப்பார். நான் படிக்கவில்லை. மெஷினை மூடிக் கடைக்காரர் கையில் கொடுத்துவிட்டேன். ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது வாயைப் பொத்துவதும் இதுவும் ஒன்றுதான் என்று ஆட்டோவில் வரும்போது தோன்றியது. தோன்றியதை ஒதுக்கிவிட்டு அவர் விரல்களைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.

மூன்றாவதாக அடையாறு. வரிசையாக மரங்கள் நின்ற தெருவில் ஒரு அடுக்ககம். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரிய மனிதர், செருப்பை வெளியே கழற்றச் சொன்னார். அதுவே எனக்குப் பிடித்துப்போயிற்று. தரை முகம் பார்க்கலாம் போல இருந்தது. முதல் மாடல், அந்தச் சின்னது, அதன் அட்டைப் பெட்டியிலேயே இருந்தது. சுற்றிய காகிதம்கூடக் கசங்கவில்லை. தான் இதை யாரையும் தொடவிட்டதில்லை, தானே அதிகம் தொட்டதில்லை என்று சொல்லிக்கொண்டார். அப்புறம் எதற்கு வாங்கினார் என்று நான் கேட்கவில்லை. கெட்டி பிளாஸ்டிக், பூச்சு கிடையாது, அந்துருண்டை வாசனை. எனக்கு அது தாழம்பூ மாதிரி மணந்தது.

அந்த மனிதருக்கு ஒரு விஷயம் மட்டும் புரியவேயில்லை. பேச முடியாதவருக்குக் காது கேட்கும் என்பது. என்னிடம் சாதாரணமாகப் பேசிவிட்டு இவர் பக்கம் திரும்பினால் குரலை உயர்த்தி, ஒவ்வொரு சொல்லாக, சிறு குழந்தைக்குச் சொல்வது போல் சொன்னார். “சார்… இது… பவர்… பட்டன்.” அவர் எச்சில் இவர் துணியில் தெறித்தது. அப்புறம் என்னிடம், அந்த ஓட்டையிலிருந்து ஏதாவது பரவுமா என்று மெல்லக் கேட்டார். மெல்லக் கேட்டால் இவருக்குக் கேட்காது என்று நினைப்பு. பரவாது என்றேன். நாங்கள் உட்கார்ந்த சோபாவை நாங்கள் போனதும் துடைப்பார் என்று எனக்குத் தெரிந்தது. எரிச்சலாக இருந்தது. அப்படித் துடைக்கிற ஆள் என்பதால்தானே அவரிடம் வாங்க வந்தேன் என்பதும் சேர்ந்து உறைத்தது.

இவர் அந்தச் சின்ன விசைகளில் தட்டிப் பார்த்தார். விசைகள் உள்ளே போகவில்லை. அப்படியே கல்லாக நின்றன. விரலுக்கு ஒன்றும் தெரியாததால் குனிந்து பார்த்துப் பார்த்துக் குத்த வேண்டியிருந்தது. ‘சின்னதா இருக்கு’ என்று காட்டினார். அந்த இரண்டு சொல்லுக்கே நேரமாகிவிட்டது.

“போகப் போகப் பழகிடும்” என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். பிறகு குனிந்து, நான்கு ஆங்கில எழுத்தைக் குத்தினார். ‘சரி.’

அதை வாங்கிக்கொண்டு வந்த அன்றைக்கே ஆரம்பித்தது அந்தச் சரி. காபி கொண்டுவரட்டுமா என்றால் சரி. அப்புறமாகக் கொண்டுவரட்டுமா என்றால் அதற்கும் சரி. அவருடைய தங்கையைப் பற்றி வேண்டுமென்றே ஒன்று சொன்னேன். பழைய நாளாக இருந்தால் வீடு இரண்டுபட்டிருக்கும். சரி என்றார். சாப்பிட உட்கார்ந்தபோது ரசத்தில் உப்பே போடாமல் கொடுத்துப் பார்த்தேன். குடித்துவிட்டுக் கையலம்பிக்கொண்டு போனார். கேட்டதற்கெல்லாம் தலையாட்டும் ஒரு மனிதரைப் போல அருவருப்பான பொருள் உலகத்தில் வேறு இல்லை. சுத்தமான மெஷின், சுத்தமான வீடு, நடுவில் இவர் பொம்மை மாதிரி. பேசும்போது என் முகத்தையும் பார்ப்பதில்லை, விசையைத் தேடிக் குனிந்தே இருந்தார். உச்சந்தலை வழுக்கையோடுதான் நான் குடும்பம் நடத்தினேன்.

குத்துவது சிரமம் என்பதால் எழுத்துகளையும் குறைத்துக்கொண்டார். பழைய மெஷினில் நெடிலுக்கு இரண்டு எழுத்து தட்டுவார், ‘ழ’வுக்குத் தனியாகத் தட்டுவார். இப்போது எல்லாம் குறில், எல்லாம் ஒரே ‘ல’. பால் வேண்டுமா பல் வலியா என்று நான்தான் ஊகிக்க வேண்டும்.

அப்படி ஒரு காலையில் குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு ஈரத் துண்டோடு வந்து நின்றார். சின்ன மெஷினை எடுத்துக் குத்திக் காட்டினார். வி, ஏ, எல், ஐ. குளியலறையில் இருந்த வாளி அடியில் கீறல் விட்டு ஒழுகிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியும். வாளி கேட்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். பால்கனியிலிருந்த இன்னொரு வாளியைக் கொண்டுவந்து தொப்பென்று வைத்தேன். துவைக்கிற நேரத்தில் வாளியைக் கேட்டு உயிரை எடுக்கிறீர்களே, ஒழுகினால் சீக்கிரம் குளித்துவிட்டு வரக்கூடாதா என்று பாட்டுப் பாடினேன்.

அவர் வாளியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மெஷினில் குனிந்தார். ‘சரி.’ வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

தண்ணீர்ச் சத்தம் கேட்கவில்லை என்று நான் கதவைத் தட்டினேன். திறந்தால் தரையில் சுருண்டு கிடந்தார். வேர்த்துக் கொட்டியிருந்தது. வாயை அகலத் திறந்து கத்திக்கொண்டிருந்தார். சத்தமே இல்லை. கழுத்துத் துளையிலிருந்து புஸ் புஸ்ஸென்று காற்றுதான் வந்தது. அப்போதுதான் எனக்கு அந்த நான்கு எழுத்து புரிந்தது. வலி. வலிக்கிறது என்று சொல்ல வந்த மனிதருக்கு வாளியைக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறேன்.

புற்றுதான் திரும்பிவிட்டது என்று நினைத்துக்கொண்டே ஆட்டோவில் ஏற்றினேன். மருத்துவமனையில் பார்த்துவிட்டு, சிறுநீரகத்தில் கல், ஊசி போட்டால் அடங்கும், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். அடங்கியது. ஊசியின் மயக்கத்தில் அவர் தூங்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்து எரிந்துகொண்டிருந்தேன். பயம் போனதும் கோபம்தான் மிச்சம். வாளி வைத்தபோது ‘இல்ல’ என்று ஏன் குத்தவில்லை? அதற்கும் நான்கு எழுத்துதானே? கண் விழித்ததும் அதைத்தான் கேட்டேன். அவர் மெஷினை எடுக்கக்கூட இல்லை. விரல்களைக் காட்டினார், கையை விரித்தார், விட்டுவிட்டார். அந்த விசைகளில் குத்தி என்னைத் திருத்துவதைவிட வலியைத் தாங்குவது சுலபமாக இருந்திருக்கிறது. எனக்கு என் மேலேயே குமட்டியது.

அவர் வீட்டுக்கு வந்த பிறகு, ஒரு வார்த்தை சொல்லாமல் திருவல்லிக்கேணிக்குப் போனேன். தனியாகத்தான் போனேன். மெஸ்ஸின் சாக்கடை இன்னும் பொங்கிக்கொண்டுதான் இருந்தது.

கடைக்காரர் என்னைப் பார்த்ததும் தினசரித் தாளைத் தேடி எடுத்தார். “யாரும் வாங்கலமா. தொட்டா வுட்டுட்டு ஓடிப் போய்டறாங்கோ.” நான் தொட்டேன். ஓடவில்லை. பட்டை வயர் எப்போது வேண்டுமானாலும் அறும், அதற்குத் தான் பொறுப்பில்லை என்றும் நேர்மையாகச் சொன்னார். அறும் வரைக்கும் போதும் என்றேன். பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டு, மடியில் வைக்காமல் ஆட்டோவின் தரையில் வைத்துக்கொண்டு வந்தேன்.

பால்கனியில் பழைய சாக்கு விரித்து உட்கார்ந்தேன். பாட்டில் பாட்டிலாக ஸ்பிரிட், ஒரு கட்டுப் பஞ்சு. இவருக்கு விரல் சரியில்லை, வேலைக்காரியிடம் கொடுத்தால் வீசியெறிந்துவிட்டுப் போவாள், ஆகவே நான்தான். கையுறை போட்டுப் பார்த்தேன், கையுறையே மெஷினோடு ஒட்டிக்கொண்டு கழன்றது. வெறுங்கையால் தேய்த்தேன். ஸ்பிரிட் பட்டதும் அது கரையாமல் முதலில் கொழகொழவென்று ஆனது, மூக்குச் சளி மாதிரி. பிறகு கறுப்பாகப் பஞ்சில் சுருண்டு வந்தது. குங்குமம் இளகி என் முழங்கை வரைக்கும் வழிந்தது. கரப்பானின் காலை ஊக்கால் நெம்பி எடுத்தேன். யார் யார் வியர்வையோ, யார் தலை எண்ணெயோ, எந்தச் சாப்பாட்டுக் கையோ. இரண்டு தரம் எழுந்துபோய் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு தேய்க்கத் தேய்க்க, அடியிலிருந்து வழவழப்பான சாதாரண பிளாஸ்டிக் தலைகாட்டியது. என் நகக்கண்ணெல்லாம் கறுப்பு. அந்த விளம்பரப் படங்களில் பார்த்த கட்டைவிரல் இப்போது என்னுடையது.

அவர் உள்ளே நாற்காலியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

காயவைத்து, பேட்டரி போட்டு, அவர் மடியில் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன். திட்டு விழும் என்று எதிர்பார்த்தேன். அன்றைக்கே வாங்கியிருக்கலாமே என்று ஆரம்பிப்பார், நானும் தயாராக இருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடி தட்ட ஆரம்பித்தார். நிறுத்தாமல் தட்டினார். நடுவில் ஒரு தரம் இருமினார், துணியைத் துடைத்துக்கொண்டு மறுபடி தட்டினார். பிறகு திருப்பினார்.

‘ரொம்ப நாளா ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். தெனம் கார்த்தால என் கழுத்தைத் தொடைக்கறச்சே நீ மூச்சைப் பிடிச்சுக்கற. தொடைச்சு முடிச்சு அடுக்களைக்குப் போய்த்தான் விடற. நான் இங்கேர்ந்து கேக்கறேன். முகத்தை மட்டும் சிரிச்சாப்ல வச்சுக்கற. அதைப் பாத்தா எனக்குப் பத்திண்டு வரது. போனது குரல்தான், கண்ணு இல்லை.’

நான் இரண்டு தரம் படித்தேன். இல்லவே இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஸ்பிரிட்டும் சந்தனமும் நாறும் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

“ஆமாம்” என்றேன். “அருவருப்பாத்தான் இருக்கு. மொதல் நாள்லேர்ந்தே அப்படித்தான். ஒரு நாள்கூடப் பழகலை.”

சொல்லிவிட்டு அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. அவர் மெஷினைத் தன் பக்கம் திருப்பி ஒரே சொல்லைத் தட்டிக் காட்டினார்.

‘எனக்கும்தான்.’

அவர் தோள்கள் குலுங்கின. துளையிலிருந்து விசில் மாதிரி காற்று வந்தது. சிரிக்கிறார் என்று எனக்குப் புரியச் சற்று நேரமாயிற்று.

மறுநாள் காலையில் வெந்நீரும் துணியும் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் உட்கார்ந்தேன். துணியை அவிழ்த்தேன். இந்த முறை மூச்சைப் பிடிக்கவில்லை. முழுசாக இழுத்தேன்.

“நாத்தம்” என்றேன்.

தலையை ஆட்டினார். நான் துடைக்க வசதியாகக் கழுத்தை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக் கொடுத்தார்.